ஒமாஹா மக்களின் டாக்டரம்மா

சூசன் லா ஃப்ளெஷைப் பற்றி எங்கே தேடினாலும் முதல் வரி ஒன்றுதான்: அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களில் முதன்முதலில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். பெருமையான விஷயம்தான். ஆனால் பட்டம் வாங்கியது 1889 மார்ச்சில், பிலடெல்பியாவில், ஒரு நாள் நடந்த விழாவில். அதே வருஷம் ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் உள்ள சொந்த மண்ணுக்குத் திரும்பி, 1893 வரை நடந்தும், குதிரையிலும், இரண்டு குதிரை பூட்டிய வண்டியிலும் வீடு வீடாகப் போய் அவர் பார்த்த வைத்தியம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 24.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கார் காகிதத்தில்தான் அந்தப் பெயர். ஊரில் எல்லாருக்கும் நர்சம்மா. குறிஞ்சிப்பாடி பக்கம், பெருமாள் ஏரியை ஒட்டிய கிராமங்கள், அப்புறம் கொஞ்ச காலம் முந்திரிக்காட்டு ஊர்கள். முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50. தோளில் ஐஸ் பேக் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டி, பையில் பதிவேடுகள். இப்போது கடலூர் புதுப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி நர்சிங் படிக்கிறாள். அவள் படித்துக்கொண்டிருந்த கட்டுரையில்தான் இந்த டாக்டரம்மா எனக்கு அறிமுகமானார். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் பேத்தியை உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சூசன் பிறந்தது 1865 ஜூன் 17. அப்பா ஜோசப் லா ஃப்ளெஷ், நெப்ராஸ்காவின் பூர்வகுடிகளான ஒமாஹா மக்களின் தலைவர். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டதுமே பிரெஞ்சு என்று புதுச்சேரிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஜோசப்பின் அப்பா விலங்குத் தோல் வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர். சூசனின் அம்மா மேரி கேல். மேரியின் அப்பாவும் ஒரு டாக்டர். ஜான் கேல் என்று பெயர். மிசௌரி ஆற்றங்கரையில் அட்கின்சன் கோட்டை என்று ஒன்று இருந்தது. அங்கே அமெரிக்க ராணுவத்தின் மருத்துவர். 1827இல் ராணுவம் கோட்டையைக் காலி செய்துவிட்டது. வெள்ளையர் குடியேற்றம் மேற்கே நகர்ந்துகொண்டே போன அந்த எல்லைப்புறத்துக்கு அந்தக் காலத்தில் டாக்டர்கள் இப்படித்தான் வந்தார்கள். சிப்பாய்களோடு வந்தார்கள், சிப்பாய்களோடு போனார்கள். அதே 1820களில், 1823இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியே தொடங்கிவிட்டார்கள். இன்றைய ஜிப்மருக்கு அதுதான் வேர்.

சூசன் பிறந்த நேரத்தில் ஒமாஹாக்கள் கோடைக்காலக் காட்டெருமை வேட்டைக்குப் போயிருந்தார்கள். வேட்டைக்கென்று கூடாரங்களைக் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகத் தங்குவார்கள். அந்தப் பெண் வளர்ந்து வருவதற்குள் எருமைகளும் அற்றுப்போயின, வேட்டையும் நின்றுபோனது. அமெரிக்க அரசாங்கத்தோடு போட்ட 1854 ஒப்பந்தத்திலேயே நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்ததை 1882இல் ஒரு சட்டம் போட்டுப் பங்கு பிரித்தார்கள். குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், திருமணமாகாத பெரியவர்களுக்கு 80, சிறுவர்களுக்கு 40.

இந்த 160 ஏக்கர் கணக்கை ஒரு நர்சாக யோசித்துப் பாருங்கள். 160 ஏக்கர் என்பது சதுரமாக அளந்தால் அரை மைலுக்கு அரை மைல். அவனவன் நிலத்தில் அவனவன் வீடு என்றால், ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போக அரை மைல், ஒரு மைல், சில இடத்தில் அதற்கும் மேலே. முன்பு ஒரே இடத்தில் ஊராகக் குடியிருந்தவர்கள் இப்போது புல்வெளி முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். எங்களுக்குச் சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. ஆனால் நம்மூரில் தெரு இருக்கிறது. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரே மூச்சில் இருபது வீடு பார்த்துவிடலாம். "நர்சம்மா வந்துருக்கு" என்று நாலாவது வீட்டிலிருந்து ஒரு பிள்ளை ஓடிப்போய்ச் சொன்னால் போதும், தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சூசனுக்கு அது கிடையாது. அவர் பொறுப்பில் இருந்தவர்கள் 1,244 பேர். எங்களோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பயணம்.

அந்த நில அளவைக்காக வந்தவர் ஆலிஸ் ஃப்ளெச்சர் என்ற மானிடவியல் ஆய்வாளர். வந்த இடத்தில் மூட்டு வீங்கும் காய்ச்சலில் படுத்த படுக்கையாகிவிட்டார். அவருக்குப் பணிவிடை செய்தவர்களில் சூசனும் ஒருவர். பிறகு சூசன் மேலே படிக்க ஊக்கம் கொடுத்தவர்களில் ஃப்ளெச்சரும் உண்டு. நோயாளி, நிலப்பங்கீடு, படிப்பு எல்லாம் அவர் வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முன்னால், சின்ன வயதிலேயே விழுந்துவிட்டது. நோயில் கிடந்த ஒரு கிழவியின் பக்கத்தில் சூசன் உட்கார்ந்திருந்தார். அரசாங்க டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார், வரவில்லை. மறுபடி ஆள் போனது. இப்படி நாலு முறை. விடிவதற்குள் கிழவி இறந்துவிட்டாள். டாக்டர் பறவை வேட்டையில் இருந்தாராம். அவருக்கு அது ஒரு செவ்விந்தியக் கிழவி, அவ்வளவுதான். சூசன் பின்னாளில் தானே சொன்ன கதை இது.

இதைக் கேட்டதும் எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது. 1890களின் தொடக்கத்தில் அங்கே ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர், ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவிலிருந்து சும்மா பெற்றோரைப் பார்த்துப் போக வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருக்கும் மனைவி பிரசவ வேதனையில். என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் தெரிந்தது, மூன்று பெண்களும் போய்விட்டார்கள் என்று. அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார், திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி எழுப்பினார்.

நெப்ராஸ்காவில் கூப்பிட்டும் டாக்டர் வரவில்லை. திண்டிவனத்தில் டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் அவரைக் கூப்பிட முடியவில்லை. இரண்டிலும் மருந்து இருந்தது, மருந்து தெரிந்த ஆளும் இருந்தார். நோயாளிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் உயிர் போனது. என் வேலைக் காலம் முழுக்க நான் பார்த்ததும் அதுதான்.

படிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எலிசபெத் என்ற ஊரில் பெண்கள் பள்ளி, வர்ஜீனியாவில் ஹாம்ப்டன், அப்புறம் 1886 அக்டோபரில் பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. அது 1850இலேயே தொடங்கியது. நம் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1875இல். சூசனின் படிப்புச் செலவுக்கு கனெக்டிகட் மாநிலத்துப் பெண்கள் சங்கம் ஒன்று உதவியது, அரசாங்கமும் கொஞ்சம் கொடுத்தது. 36 பேர் இருந்த வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

இந்தக் கல்லூரியைப் பற்றி நம்மவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். மேற்கத்திய மருத்துவத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான, மகாராஷ்டிரத்தின் கல்யாண் ஊரில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி படித்ததும் இங்கேதான். அவரும் 1865இல் பிறந்தவர், சூசனுக்கு இரண்டரை மாதம் மூத்தவர். 1886 மார்ச்சில் அவர் பட்டம் வாங்கினார், அக்டோபரில் சூசன் உள்ளே நுழைகிறார். அது மட்டுமா, ஆனந்திபாய் அமெரிக்காவில் போய் இறங்கித் தங்கிய ரோசெல், சூசன் பள்ளிக்கூடம் படித்த எலிசபெத்துக்கு அடுத்த ஊர். சூசன் அங்கிருந்து கிளம்பி ஒரு வருஷம் போல ஆன பிறகு ஆனந்திபாய் வந்தார். இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. ஆனந்திபாய் ஊர் திரும்பி, 1887 பிப்ரவரியில், 22 வயது முடிவதற்குள் காசநோயில் இறந்துபோனார். படித்த வைத்தியத்தை நம் பெண்களுக்குச் செய்யவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐடா ஸ்கடரும் முதலில் சேர்ந்தது இதே கல்லூரியில்தான். பிறகு கார்னெல் போய் 1899இல் பட்டம் வாங்கினார்.

சரி, ஆகஸ்ட் 1889க்கு வருவோம்.

சூசன் முதலில் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டராக நியமிக்கப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 500 டாலர். ஆனால் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் பெண், அதுவும் நம் தலைவர் ஜோசப்பின் மகள், நம் மொழியில் பேசுகிறாள் என்று தெரிந்ததும் பெரியவர்களும் அவரிடமே வர ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் ஒமாஹா மக்கள் முழுவதற்கும் அவர்தான் டாக்டர் என்றாகிவிட்டது. பள்ளி வளாகத்திலேயே சின்னதாக ஒரு அலுவலகம். அங்கே படப்புத்தகங்களும் விளையாட்டுச் சாமான்களும் வாங்கி வைத்தார். மருந்து வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

அங்கே மருந்துக்கு மட்டும் யாரும் வரவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை வாசித்துக் காட்ட, பதில் எழுதித் தர, நிலக் குத்தகைக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரிக்க, எல்லாவற்றுக்கும் டாக்டரம்மாதான். இதை வாசித்தபோது பேத்தி, "ஏன் ஆயா, அவங்களுக்கு இதெல்லாம் வேலையா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தடுப்பூசி போடப் போகும் வீட்டில் ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "நர்சம்மா, இந்த பேங்க் பாரத்த கொஞ்சம் எழுதிக் குடும்மா." எழுதிக் கொடுப்பேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அம்மா மெதுவாகச் சொல்வாள், மருமகளுக்கு மூணு மாசம் என்று. அல்லது தனக்கு ராத்திரியில் இருமல் நிற்பதில்லை என்று. நேராகக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வந்திருக்கும். அந்தப் பாரம் எழுதுவது வேலைக்கு வெளியே உள்ள காரியம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சூசனும் நினைத்திருக்க மாட்டார்.

வழிதான் பெரிய பாடு. கிட்டத்தில் இருந்த வீடுகளுக்கு நடந்தே போனார். தூரத்துக்குக் குதிரை. பிறகு வண்டியும் இரண்டு குதிரைகளும் வாங்கிக்கொண்டார். சாலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் அங்கே வெப்பம் பூஜ்யத்துக்கு வெகு கீழே போய்விடும். அவர் பிலடெல்பியாவில் படித்துக்கொண்டிருந்த 1888 ஜனவரி 12 அன்று, நெப்ராஸ்கா டகோட்டா பக்கம் திடீரென்று அடித்த பனிப்புயலில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளைகள் பலர் வழியிலேயே உறைந்துபோனார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

நமக்குப் பனி தெரியாது. ஆனால் வழி மறிக்கும் தண்ணீர் தெரியும். பரவனாறு பெருகிவிட்டால் ஏரிக்கரை ஊர்கள் தீவாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் எந்தக் கர்ப்பிணிக்கு நாள் நெருங்குகிறது என்பதை மழைக்கு முன்னாலேயே பார்த்து, கடலூருக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்வோம். 108 வண்டி 2008இல்தான் வந்தது. அதற்கு முன்பு டிராக்டர், மாட்டு வண்டி, சில நேரம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து எங்கள் சாலைகள் அடைந்துபோயின. விழுந்த மரத்தின் மேல் ஏறி இறங்கி ஊருக்குள் போனோம். வழி என்பது வைத்தியத்தில் பாதி என்று அந்த வாரம் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கும் புரிந்துவிட்டது.

சூசன் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே உலகம் முழுக்கப் பரவிய அந்த 1889-90 ஃப்ளூ காய்ச்சல் ஒமாஹாக்களிடமும் வந்துவிட்டது. அவரிடம் அதற்கு மருந்து கிடையாது, யாரிடமும் கிடையாது. வீட்டுக்கு வீடு போய்ப் படுக்கையைச் சரிசெய்வது, கஞ்சி கொடுக்கச் சொல்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது, மூச்சு எப்படி இருக்கிறது என்று நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பது. கொரோனா வந்தபோது ஆக்ஸிமீட்டரும் போனும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததும் பெரும்பாலும் இதுதான்.

காசநோய்தான் அவருக்குத் தீராத பகையாக இருந்தது. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச் 24. அதனால் சூசனுக்கு நோய் எதனால் வருகிறது என்று தெரியும். அதைக் கொல்லும் மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், 1940களில்தான் வந்தது. தெரியும், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டருக்கு இதைவிடக் கொடிய நிலை வேறு கிடையாது. காசநோயில் சாகக் கிடந்த ஒரு பெண்ணை அவர் தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாலும் முட்டையும் எடுத்துப் போய்க் கொடுத்தார் என்று படித்தேன். பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தும் போனார்.

அதே காசநோயை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று சொல்லாமல் போக முடியாது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் சேர்த்து வைத்தியம் பார்ப்பதும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகிறது என்று அவர்கள் 1959இல் உலகத்துக்குக் காட்டினார்கள். படுக்கை போதாத நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் வீட்டில் மருந்து என்றால், யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என்று மாத்திரையை எங்கள் கண்முன் விழுங்க வைத்த காலம் அது. இரண்டு மாசத்தில் இருமல் நின்றதும், சரியாப் போச்சு என்று முந்திரிக்கொட்டை பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் தேடிப் போவேன். மரத்தடியில் சொம்புத் தண்ணீரோடு விழுங்க வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். சூசன் எதைக் கொண்டுபோக முடியாமல் தவித்தாரோ, அது என் பையில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

மருந்து இல்லாத இடத்தில் அவர் நோய் வரும் வழியை அடைக்கப் பார்த்தார். பள்ளியிலும் பொது இடத்திலும் ஒரே குவளையில் எல்லாரும் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று பின்னாளில் விடாமல் பிரச்சாரம் செய்தார். பக்கத்து மாநிலமான கான்சாஸில் 1909இல் பொதுக் குவளையைச் சட்டம் போட்டே தடை செய்தார்கள். நம் பாட்டிமார் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நோய் விஷயத்தில் நன்மைதான். ஈ மொய்ப்பதைப் பற்றியும் வீடு வீடாகச் சொன்னார். கதவுக்கு வலை அடியுங்கள் என்றார்.

குடியைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஜோசப் தலைவராக இருந்தவரை சாராயத்தை ஊருக்குள் விடவில்லை. காவலுக்கு ஆள் வைத்துத் தடுத்தார். 1888 செப்டம்பரில், சூசன் பிலடெல்பியாவில் இருக்கும்போது, அவர் இறந்தார். அப்புறம் விஸ்கி வியாபாரிகள் உள்ளே வந்துவிட்டார்கள். குடித்தவனிடம் நிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது சுலபம். நிலமும் போனது, உடம்பும் போனது. சூசன் 1894இல் ஹென்ரி பிக்காட் என்பவரை மணந்தார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். 1905இல் ஹென்ரி இறந்தார். குடியும் அதற்கு ஒரு காரணம். தன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட அந்த எதிரியோடு சூசன் வாஷிங்டன் வரை போய்ச் சண்டை போட்டார். அந்தப் பகுதியில் புதிதாக எழும் ஊர்களில் மது விற்கக் கூடாது என்று 1906இல் கேட்டு வந்தார்கள். எல்லை தாண்டினால் மலிவாகக் கிடைக்கும் சரக்கால் கடலூர் பக்கத்துக் குடும்பங்கள் என்ன ஆயின என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தக் காலத்தில் எல்லைப்புறத்தில் இருந்த இன்னொரு இளம் டாக்டரையும் சொல்ல வேண்டும். சார்லஸ் ஈஸ்ட்மேன், டகோட்டா என்ற பூர்வகுடி இனத்தவர், பாஸ்டனில் படித்து 1890இல் பட்டம் வாங்கியவர். அதே வருஷக் கடைசியில் பைன் ரிட்ஜ் என்ற இடத்துக்கு டாக்டராக வந்தார். வந்து கொஞ்ச நாளிலேயே, டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுத் தள்ளியது. ஆண் பெண் குழந்தை என்று பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அலங்காரம் இன்னும் கலைக்காத தேவாலயத்தில் வைக்கோல் பரப்பி, காயப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்மேன் சிகிச்சை செய்தார். பனிப்புயல் ஓய்ந்ததும் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் போனார். எல்லைப்புறம் என்று ஒரு கோடே இனி அமெரிக்காவில் இல்லை என்று அரசாங்கம் சொன்னது அந்த 1890 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான். கணக்கு எழுதியவர்களுக்கு நிலம் நிரம்பிவிட்டது. யாருடைய நிலம் என்பதை இந்த இரண்டு டாக்டர்களும் அறிவார்கள்.

1893இல் சூசன் வேலையை விட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தனக்கும் காதிலும் தலையிலும் தாங்க முடியாத வலி. சம்பள வேலையைத்தான் விட்டார். பேன்க்ராஃப்ட் என்ற ஊரில் குடியேறி, ஒமாஹாக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் தொடர்ந்து வைத்தியம் பார்த்தார். இரவில் தேடி வருபவர்களுக்கு வீடு தெரிய ஜன்னலில் விளக்கு வைத்திருப்பாராம். 1910இல் நிலப் பிரச்சினைக்காக மறுபடி வாஷிங்டன் போனார். டாக்டருக்கு நிலத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், நான் மேலே சொன்ன ரேஷன் கார்டுப் பேச்சைத்தான் திரும்பச் சொல்வேன்.

வால்ட்ஹில் என்று ஒரு புது ஊர் 1906இல் ரயில் பாதையோடு உண்டாயிற்று. அங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று சூசன் அலைந்தார். அரசாங்கப் பணம் அதில் இல்லை. பிரஸ்பிடேரியன் சபையும் நன்கொடை கொடுத்தவர்களும்தான். 1913 ஜனவரியில் திறந்தார்கள். ஒமாஹா, வெள்ளையர் என்று பிரிக்காமல் வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் அவர் உடம்பு ரொம்பவும் தளர்ந்துவிட்டது. 1915 செப்டம்பர் 18 அன்று எலும்புப் புற்றுநோயில் காலமானார், வயது 50. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு 1993இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் நர்சிங் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. நைட்டிங்கேல் அம்மாவின் படம் இல்லாத வகுப்பறையை நான் பார்த்ததில்லை. இருக்கட்டும், இருக்க வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியைகள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். கம்யூனிட்டி ஹெல்த் வகுப்பில் சூசன் லா ஃப்ளெஷுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த 160 ஏக்கர் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், குளிர்காலத்தில் எவ்வளவு ஆகும், ஒரு நாளில் எத்தனை வீடு முடியும் என்று பிள்ளைகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே கணக்கை அவர்கள் போஸ்டிங் போகப்போகும் ஊருக்குப் போடச் சொல்லுங்கள்.